பதினோரு மஞ்சள் புள்ளிகள்

திலீபனிடம் எந்தப் போனைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கருத்து இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். மலாக்காவை அடுத்த ஜாசின் டவுனில், பஸ் நிலையத்துக்கு எதிரே கோப்பிக்கடையில் உட்கார்ந்தான் என்றால், பக்கத்து மேசைக்காரன் எடுத்து வைக்கும் போனைப் பார்த்தே அவனுடைய யோக்கியதையைச் சொல்லிவிடுவான். மடிக்கிற போனைக் கண்டால், "சொந்தச் சட்டைய மடிச்சு வைக்கத் தெரியாதவனுக்கெல்லாம் மடிக்கிற போன்" என்பான். கேம் ஆடுவதற்கென்றே தனியாகப் போன் வாங்குகிறவர்கள்மேல் அவனுக்குத் தீராத இளக்காரம். "பின்னாடி லைட்டு எரியுது, உள்ள காத்தாடி சுத்துது. இவனுங்க வாங்கினது போன் இல்ல, கல்யாண மண்டபம்." இதையெல்லாம் வாரத்துக்கு ஒரு வீடியோவாகப் பேசிப் போடுவான். நடக்கும் அடிகளை எண்ணுகிற கைக்கடிகாரத்தைப் பற்றி ஒருமுறை, "எங்கம்மா செம்பனைக் காட்டுல நாள் முழுக்க நடக்குது, அத எண்ண எந்த வாட்சும் வரல" என்று அவன் சொன்னதை நாலாயிரம் பேர் பார்த்தார்கள். கைதட்டும் படம் போட்டார்கள்.

அந்த அம்மாதான் இப்போது இடுப்பெலும்பு முறிந்து, தோட்டத்து ரெண்டாம் டிவிஷன் லயத்து வீட்டில் முன்னறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள்.

பவானேஸ்வரிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஜாசினுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் நடுவே இருக்கும் அந்தத் தோட்டத்தில் இருபத்து நான்கு வருடமாக உதிரிப்பழம் பொறுக்குகிறாள். ஆண்கள் செம்பனைக் குலையை வெட்டித் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். குலை தரையில் விழுந்து சிதறும்போது தெறித்து ஓடும் பழங்களை, முள்ளுக்கும் புல்லுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோணியில் கட்டி, ஒற்றைச் சக்கர வண்டியில் வைத்து ரோட்டோரம் தள்ளிக்கொண்டு வந்து சேர்ப்பது பெண்களின் வேலை. கூலி எடைக்கு. புருஷன் செத்த பிறகு அந்தக் கூலியில்தான் அவள் திலீபனைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தாள்.

படித்தவன் மலாக்கா டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். தோட்டங்களுக்கு ஆள் கணக்கெடுக்கும் ஆப் செய்து விற்கும் கம்பெனி. டவுனில் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு அம்மாவிடம் வருவான். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஆப் அவன் பிறந்த தோட்டத்துக்கே வந்தது. ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி அவனையே அனுப்பியது. விடியாத வேளையில் பெரட்டுக் களத்தில், ஆட்கள் பெயர் கொடுக்க வரிசையாக நின்ற இடத்தில், கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக நின்றான். எதிரே முக்காடு போட்ட பதினோரு பெண்கள். அதில் ஒருத்தி அவன் அம்மா.

"இனி ஆளுக்கு ஒரு போன். தோட்டமே குடுக்குது. காலையில மூஞ்ச காட்டுனா பேர் பதிஞ்சிரும். அப்புறம் இடுப்புல கட்டிக்கணும். போன் எங்க இருக்கோ, அங்கதான் நீங்க இருக்கிறதா ஆபீஸ்ல தெரியும்."

"கக்கூசுக்குப் போனாலும் தெரியுமா தம்பி?" என்றாள் தேவிஸ்ரீ. பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா, எல்லாந் தெரியும்."

"காட்டுல ஏதுடி கக்கூசு? எந்த மரத்தடின்னு தெரியும்னு சொல்றான்" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பவானேஸ்வரி சிரிக்கவில்லை. மகன் பேசுவதையே வாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் வாரத்திலேயே மூன்று போன்கள் போயின. கைலிக்கும் நீளக்கைச் சட்டைக்கும் பை கிடையாது. இடுப்பில் கட்டினால் குந்தும்போது வயிற்றில் குத்தும். நிமிரும்போது நழுவும். ஒன்று கானில், அந்தச் சேற்று வாய்க்காலில் விழுந்தது. ஒன்றின்மேல் வண்டிச் சக்கரம் ஏறியது. ஒன்று கோணிக்குள் பழத்தோடு பழமாகப் போய் லோரி ஏறிவிட்டது. தொலைத்தவர்களின் கூலியில் பிடித்துக்கொண்டு வேறு போன் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் கூடை வந்தது. காலையில் பெரட்டில் மூஞ்சியைக் காட்டிவிட்டு, காட்டு முகப்பில் சோறு தின்னும் கொட்டகைக்குப் போனதும் பதினோரு போன்களையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் தம்புசாமி பார்த்தும் பார்க்காத மாதிரி வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். கூலி எடைக்குத்தானே. போன் எங்கே இருந்தால் யாருக்கு என்ன.

மலாக்கா டவுன் ஆபீஸில், குளிர் அறையில், திலீபன் திரையைப் பார்த்தான். பதினோரு பச்சைப் புள்ளிகள் ஒரே இடத்தில் அசையாமல் நின்றன. அவனுடைய பாஸ், "என்னலா இது, மரத்துக்கு மரம் போற ஆளுங்க இப்படி நிக்கிறாங்க?" என்றார். திலீபன்தான் அந்த யோசனையைச் சொன்னான். முப்பது நிமிடம் போன் நகரவில்லை என்றால் பச்சை மஞ்சளாகட்டும், மஞ்சள் என்றால் ஓய்வு என்று எழுதிக்கொள்ளட்டும். "பொம்பளைங்க கூடி உக்காந்து கதை பேசுவாங்க பாஸ், எனக்குத் தெரியாதா" என்றும் சொன்னான். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி வயிற்றில் பிறந்தவன் அப்படிச் சொன்னான். அந்த வாரமும் சனிக்கிழமை வீட்டுக்குப் போய், அவள் ஆக்கிப்போட்ட கருவாட்டுக் குழம்பைத் தின்றுவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் ஏன் நகரவில்லை என்று அவளைக் கேட்கவில்லை.

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் முழுக்க மழை. கான்மேல் போட்டிருந்த பலகை பாசி பிடித்துக் கிடந்தது. மூன்று கோணி ஏற்றிய வண்டியோடு அதில் ஏறியவள், நடுப்பலகையில் சக்கரம் வழுக்க, வண்டியும் அவளுமாகக் கானுக்குள் சரிந்தாள். வண்டியின் கைப்பிடி இடுப்பில் இறங்கியது. தேவிஸ்ரீயும் மற்றவர்களும் ஓடிவந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து நடக்க ஆறு மாதம் என்றார்கள். பழைய மாதிரி குந்தி உட்கார்வதைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

வேலையில் அடிபட்டவளுக்கு உரிய உதவி வர, தோட்டம் ஒரு விபத்துப் பாரத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். மூன்று வாரமாகப் பாரம் போகவில்லை.

சனிக்கிழமை காலை திலீபன் தோட்ட ஆபீஸுக்குப் போனான். அங்கே கணக்கெழுதும் கிராணி பிரான்க்ளின், அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் குத்திக்கொண்டிருந்தான். போனின் முதுகில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தது.

"வாடா போன் டாக்டரு. இரு, இரு, செத்துருவேன்." ஒரு நொடி கழித்துப் போனைக் கவிழ்த்தான். "செத்துட்டேன். உன்னாலதான்."

"அம்மா பாரம் என்னாச்சு?"

"போவலடா."

"ஏன்?"

பிரான்க்ளின் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினான். "நீயே பாரு, நீ செஞ்சதுதான. அன்னைக்கு ஆறு பத்துக்குப் பச்சை. ஆறு அம்பதுக்கு மஞ்சள். பகல் வரைக்கும் மஞ்சள்தான். விழுந்தது பத்து இருபதுக்கு. மானேஜர் கேக்கிறாரு, கொட்டாயில ஓய்வா உக்காந்திருந்த பொம்பள அந்தத் தூரத்துல கான்ல எப்படி விழுந்துச்சின்னு."

"வண்டியோட விழுந்துச்சிடா."

"வண்டி எங்க? அம்மாவ அனுப்பிட்டு, பழம் வீணா போவுதுன்னு கான்ல எறங்கிப் பொறுக்கி வேற வண்டியில ஏத்தி, விழுந்த வண்டியவும் தள்ளிக்கிட்டுப் போயிட்டாளுங்க. மானேஜர் போய்ப் பாத்தப்ப கான் ஓரமா பாக்குக் கீரை நல்லா தளதளன்னு சுருட்டிக்கிட்டு நின்னுருக்கு. கீரை பறிக்கப் போயி வழுக்கி விழுந்துட்டாங்கன்னு எழுதிட்டாரு."

"எங்கம்மா வேலை நேரத்துல கீரை பறிக்கவா போவும்?"

"போவாதுன்னு எனக்குத் தெரியும். என் மம்மிக்குத் தெரியும். சர்ச்சுல வந்து கேளு, எல்லாருக்கும் தெரியும். உன் ஆப்புக்குத் தெரியலயே."

"அது ஓய்வுன்னு சும்மா ஒரு குறிடா. போன் நகரலன்னுதான் அர்த்தம்."

"ஓய்வுன்னுதான எழுதியிருக்கு. போன் நகரலன்னா எழுதியிருக்கு?" பிரான்க்ளின் குரலைத் தாழ்த்தினான். "கேம் ஆடுறவன்னா நீ மூஞ்ச சுளிப்ப. மானேஜர் காலையில வந்தோன்ன என்னா செய்றாருன்னு நெனக்கிற? இதத் தொறந்து வச்சுக்கிட்டு எந்த டிவிஷன்ல பச்சை அதிகம், எவன் முந்துறான்னு பாக்கிறாரு. அப்படியே என்னை மாதிரிதான் கண்ணு மின்னுது. ஆனா நான் சுட்டா பொம்மைதான்டா சாவுது."

திலீபன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தேர்ந்தெடுத்த மஞ்சள். வெயிலில் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று நாலு மஞ்சளை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

"வேற வழி இல்லையா?"

"திங்கக்கிழம பத்து மணிக்கு விசாரணை. சொந்தக்காரங்க இல்லாம ரெண்டு பேரு வந்து, வேலை செஞ்சிக்கிட்டேதான் விழுந்தாங்கன்னு சொல்லி சைன் வைக்கணும். போன் ஏன் கொட்டாயில கெடந்துச்சின்னும் சொல்லணும். சொன்னா மானேஜர் சைன் போட்டுத்தான் ஆவணும்."

"சொன்னா அவங்களுக்கு?"

"போன கழட்டுனதுக்குப் பத்துப் பேருக்கும் எச்சரிக்கைக் கடுதாசி. மூணாவது கடுதாசின்னா வேலையும் இல்ல, லயத்து வீடும் இல்ல. தேவிஸ்ரீ அக்கா ரெண்டு வாங்கிருச்சு."

பிற்பகல் தூறல் விட்டபோது திலீபன் அடுத்த வீட்டின் பின்கட்டுக்குப் போனான். தேவிஸ்ரீ தண்ணீர்க் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைகளுக்காக இரண்டு பூனைகள் காத்திருந்தன.

"வா தம்பி. அம்மா தூங்குதா? காலையில கஞ்சி குடுத்தேன், பாதிய வச்சிருச்சு."

"அக்கா, அம்மா விழுந்தத நீங்க பாத்தீங்கதான?"

"பாத்தேனாவா? நாந்தான கான்ல எறங்கித் தூக்குனேன். உங்கம்மா கனம் உனக்குத் தெரியாது. என் குதிங்கால்ல இன்னும் முள்ளு கெடக்கு."

"திங்கக்கிழம ஆபீஸ்ல அத வந்து சொல்லணும்."

"சொல்றேன். தூக்குனேன்னு சொல்றேன்."

"போன் கூடையில இருந்துச்சின்னும் சொல்லணும் அக்கா."

தேவிஸ்ரீ இன்னும் நாலு நெத்திலியைக் கிள்ளினாள். "அது முடியாது."

"அது சொன்னாத்தான் பாரம் போவும்."

"எம் மவ இந்த வருஷம் பரீட்சை எழுதுது. வீட்டக் காலி பண்ணுன்னா நான் அவள எங்க கூட்டிட்டுப் போறது? உன் வீடியோவுக்குள்ளயா?"

"எங்கம்மா உங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கு."

"செஞ்சிருக்கு. அதனாலதான் தெனம் ரெண்டு வேள வர்றேன். நீ என்னா செஞ்ச? மூணு மாசமா சனி ஞாயிறு வர்ற. ஏம்மா, அந்தப் போன எங்க வைக்கிற, எப்படி வேலை செய்றன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பியா?"

"திரையில மஞ்சளாத் தெரியறப்ப நான் என்னன்னு நெனைக்கிறது அக்கா?"

"என்னா மஞ்சள்?"

அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு மஞ்சளைப் பற்றித் தெரியாது. தடுமாறித் தடுமாறிச் சொன்னான். முப்பது நிமிடம், ஓய்வு, தன்னுடைய யோசனை. தேவிஸ்ரீயின் கை நின்றுவிட்டது. ஒரு பூனை தட்டிலிருந்தே முழு நெத்திலியைக் கவ்விக்கொண்டு போனது. அவள் விரட்டவில்லை.

"அப்ப நாங்க உக்காந்துகிட்டு இருக்கோம்னு நெனச்ச."

அவன் பூனை போன பக்கம் பார்த்தான்.

"மண்டோர்கிட்ட போய்க் கேளு போ" என்றாள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மண்டோர் தம்புசாமி வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவன் வருவதைக் கண்டதும் தண்ணீரைக் கூட்டிவைத்தார், இரைச்சல் பெரிதாகக் கேட்கட்டும் என்று. "தம்பி, எனக்கு ரெண்டு வருஷந்தான் இருக்கு, நிம்மதியா வெளிய போவணும்" என்றார். அவன் ஒன்றும் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை திலீபன் தன் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு கடிதம் எழுதினான். போன் நகரவில்லை என்பதால் ஆள் வேலை செய்யவில்லை என்று ஆகாது. மஞ்சள் குறியை வைத்து யாரும் ஓய்வில் இருந்தார் என்று முடிவு செய்யக் கூடாது. கீழே தன் பெயரும் பதவியும். மரியாதைக்காக அதை முதலில் பாஸுக்கு அனுப்பினான். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"திலீபன், யூ கிரேஸி ஆ? இந்த லெட்டர் வெளிய போனா எட்டு எஸ்டேட்டும் போச்சு. நம்ம சிஸ்டம் ராங்னு நாமளே சொல்றதா? உங்கம்மா கேஸ், எனக்கும் வருத்தந்தான்லா. ஆனா நீ சைன் வச்சா, மண்டே ஆபீஸுக்கு வர வேணாம்."

பேசியதெல்லாம் கட்டிலில் கிடந்தவளுக்குக் கேட்டது. வீட்டில் எங்கே நின்று பேசினாலும் கேட்கும்.

"என்னாவாம்?" என்றாள் பவானேஸ்வரி.

"ஒன்னும் இல்லமா. நான் பாத்துக்கிறேன். நாளைக்கு நானே சொல்றேன்."

"என்னா சொல்லுவ?"

"போனெல்லாம் கூடையில இருந்துச்சின்னு. யாரோ யோசனை சொல்லி எல்லாரும் மாட்டி வச்சாங்கன்னு."

"யாரோ இல்ல. நாந்தான் சொன்னேன். கூடையும் நம்ம வீட்டுக் கூடைதான், துணி காயப்போடுறது." அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள். "நீ குடுத்த போனாச்சே, கான்ல கீன்ல விழுந்து கெட்டுப்போயிரக் கூடாதேன்னு சொன்னேன்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"நீ வாயத் தொறக்காத" என்றாள். "தேவிஸ்ரீ நேத்து சாயங்காலம் வந்து அழுதுட்டுப் போனா."

"அழுதா ஆச்சா? உனக்கு வேலையும் இல்ல, உதவியும் இல்ல, கீரை பறிக்கப் போனவளுன்னு எழுதி வச்சிருக்காங்க. உனக்கு ரோஷமே இல்லையாம்மா?"

"இருக்கு. ரோஷம் என்னைத் தூக்கி ஒக்கார வைக்குமா? காலையில என்னைக் கழுவி விடுறது யாரு? சொல்லு. துணி மாத்துறது, முதுகு புண்ணாவாம பொரட்டிப் போடுறது, சோறு ஊட்டுறது. தேவிஸ்ரீ ஒரு நாளு, மத்தவளுங்க ஒரு நாளு. கடுதாசி வாங்கின மறுநாள் எவ வருவா? நீ லீவு போட்டு ஆறு மாசம் இருப்பியா? இருந்தாலும் உன்கிட்ட நான் அதெல்லாம் காட்ட முடியுமா?"

அவன் போர்வையை இழுத்து அவள் காலை மூடினான்.

"வர்ற காசு வந்து என் முதுகத் தேய்க்காது. போ, அந்தக் கடுதாசிய அழிச்சிரு. வேலையாவது மிஞ்சட்டும்."

அவன் அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. போனிலேயே வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை நாலு பெண்கள் பவானேஸ்வரியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, மண்டோரின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறக்கும்போது வலியில் உதட்டைக் கடித்தாள், சத்தம் போடவில்லை. மானேஜர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். விசிறியை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். பிரான்க்ளின் எழுதுவதற்கு உட்கார்ந்தான். தம்புசாமி தான் வேறு பிளாக்கில் இருந்ததாகச் சொன்னார். தேவிஸ்ரீ, தான் ஓடிவந்து தூக்கியதாகவும், அதற்கு முன்னால் நடந்தது தெரியாது என்றும் சொன்னாள். சொல்லும்போது பவானேஸ்வரியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மானேஜர் மலாயில் பவானேஸ்வரியைக் கேட்டார். போன் கொட்டகையில் இருந்தது. நீங்கள் ஏன் கான் பக்கம் போனீர்கள்?

திலீபன் சட்டைப் பைக்குள் போனைத் தொட்டான். வாயில் முதல் வார்த்தை வந்துவிட்டது என்றுதான் நினைத்தான். அவன் அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெத்தேக் சாயோர், என்சேக்" என்றாள். கீரை பறிக்கத்தான்.

பிரான்க்ளினின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது.

மானேஜர் திலீபனைப் பார்த்தார். கம்பெனி ஆள் நீங்களே இருக்கிறீர்கள், ரெக்கார்டு சரிதானே என்றார்.

"சரிதான்" என்றான் திலீபன்.

சொல்லி முடித்ததும் அவனுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. வேலை போகவில்லை என்ற நிம்மதி. அது தெரிந்ததும் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து, வேனின் நிழலில் நின்றான். உள்ளே அம்மாவின் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி ரசமும், ஒருத்தி முருங்கைக்கீரைப் பொரியலும், ஒருத்தி கோழிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆபீஸைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. மழையைப் பற்றியும், யாருடைய மருமகளைப் பற்றியோவும் பேசினார்கள். தேவிஸ்ரீ முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, பவானேஸ்வரியைப் புரட்டித் துடைத்துக் குளிப்பாட்டத் தொடங்கினாள். திலீபன் அடுப்பில் தண்ணீர் காயவைத்து, இரண்டாவது வாளியைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எதற்கோ சிரித்தார்கள். அவன் அம்மாவும் சிரித்தாள்.

அவன் போன் அடித்தது.

"யெஸ் பாஸ். முடிஞ்சிருச்சு பாஸ். ரெக்கார்டெல்லாம் ஓக்கே, நோ இஷ்யூ." கேட்டுக்கொண்டான். "எல்லா டிவிஷனுக்குமா? சரி பாஸ். அந்த மஞ்சள் ரிப்போர்ட்டையும் சேத்தா? சரி. புதன்கிழம அலோர் காஜா எஸ்டேட்டு. நானே போறேன் பாஸ்."

பேசும்போதே கவனித்தான். உள்ளே தண்ணீர் சத்தம் நின்றிருந்தது. சிரிப்பு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் அசையவில்லை. அவன் போனை வைத்தான்.

"பேச்சு முடிஞ்சிச்சா?" என்றது தேவிஸ்ரீயின் குரல்.

"முடிஞ்சிச்சு அக்கா."

"அப்ப வாளிய உள்ள தள்ளிட்டு அந்தப் பக்கம் போ. உங்கம்மாவுக்குக் குளுருது."